காலி போர்ட்டில் பச்சை விளக்கு

மருந்துக் கிடங்கில் எல்லோரும் அவனை 'வந்துட்டேன்' என்றுதான் கூப்பிட்டார்கள். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளச் சீட்டில் மட்டும் இருந்தது. யார் எங்கிருந்து அழைத்தாலும், நாற்காலியில் சாய்ந்த முதுகு நிமிராமலே "இதோ வந்துட்டேன்" என்பான். "வந்துட்டேன் வந்துட்டாரா?" என்று குளிர் அறைக்காரர்கள் கேட்பதும், "வந்துட்டேன் இன்னும் வரல" என்று பதில் வருவதும் அங்கே தினமும் நடக்கிற கூத்து. அவனும் சேர்ந்து சிரிப்பான். கெட்டவன் என்று சொல்ல மாட்டேன். தொழில் தெரிந்தவன், பெற்ற பெண் மேல் உயிரையே வைத்திருந்தவன். ஆனால் இல்லாததை இருக்கிறது என்று சொல்லும்போது அவன் நாக்கு ஒரு நாளும் கூசியதில்லை. எனக்கு அந்த மாதிரி ஆட்களைக் கண்டாலே பற்றிக்கொண்டு வரும். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

அவனுடைய இடம் கீழ்த்தளத்தில், ஜன்னல் இல்லாத ஓர் அறை. குளிரூட்டி ஓயாமல் இரையும். கிடங்கின் கணினிகள், தொலைபேசிகள், குளிர் அறைகளில் சூடு ஏறினால் அலறுகிற அலாரங்கள், எல்லாமே அந்த அறையில் இருந்த ஒரு சப்பைப் பெட்டி வழியாகத்தான் போய்வர வேண்டும். அதற்குப் பெயர் கேட்வே. அதை ஒரே ஒரு கேபிளை மட்டும் நம்பி விட்டுவிடக்கூடாது என்பது அந்தத் தொழிலில் பால பாடம். கேபிள் அறுந்தால் கிடங்கே ஊமையாகிவிடும். அதனால் போர்ட் என்கிற கேபிள் துளைகளில் இரண்டை ஒரு குழுவாகக் கட்டிவைப்பார்கள். ஒன்று வேலை செய்யும். இன்னொன்று லாரியின் ஸ்டெப்னி டயர் மாதிரி சும்மா காத்திருக்கும். கேட்வே முதல் கேபிளை "இருக்கியா? இருக்கியா?" என்று ஓயாமல் கேட்டுக்கொண்டே இருக்கும். சில தடவை கேட்டும் பதில் வரவில்லையென்றால், யாரிடமும் யோசனை கேட்காமல் பொறுப்பை இரண்டாவதிடம் கொடுத்துவிடும்.

இதில் அவன் வீட்டுக்கும் ஒரு பங்கு இருந்தது. பாப்பாவுக்கு இளைப்பு உண்டு. பள்ளிக்கூடம் சேர்ந்த பிறகும் விட்டபாடில்லை. கீழ்த்தளத்தில் கைபேசிக்குச் சிக்னல் கிடையாது. அதனால் கிடங்கின் இணையத் தொலைபேசி ஒன்றையே எடுத்துப் போய் வீட்டுக் கூடத்தில் வைத்திருந்தான். மனைவி அங்கே எடுத்தால் இங்கே அவன் மேசையில் மணி அடிக்கும். அவன் எடுக்காவிட்டால், அழைப்பு இரண்டாவது போர்ட் வழியாக வாசல் காவலர் அறைக்குப் போகும். காவலர் ஓடிவந்து சொல்வார். ஏற்பாடு என்னவோ அருமையான ஏற்பாடுதான். ஒரே ஒரு குறை, காவலர் அறைக்குப் போக வேண்டிய அந்த இரண்டாவது கேபிளை யாரும் இன்னும் இழுக்கவேயில்லை. கேபிள்காரரைக் கேட்டால் "நாளைக்கு மொத வேலையே உங்களுதுதான் சார்" என்பார். அந்த நாளை எத்தனையோ வாரமாக நாளையாகவே இருந்தது.

கிடங்கைச் சோதிக்க ஆட்கள் வரப்போகிறார்கள் என்று ஒரு நாள் காலையில் மேலாளர் அம்மா படியிறங்கி வந்தார்.

"ரெண்டாவது லைன் ரெடிதானே?"

"ரெடி மேடம்."

"திரையில சிவப்பா காட்டுதே?"

"அது சும்மா மேடம். நீங்க மேல போறதுக்குள்ள பச்சையாயிடும்."

சொன்னபடியே ஆயிற்று. கேபிள் மாட்டியிருந்தால்தான் ஒரு போர்ட் உயிரோடு இருப்பதாகக் கேட்வே நம்பும். அந்தச் சோதனையை நிறுத்திவைக்க, அதன் அமைப்புப் பக்கத்தில் ஒரு சின்னக் கட்டம் உண்டு. அதில் டிக் அடித்தால், 'பார்க்காதே, ஆள் இருக்கிறது என்றே வைத்துக்கொள்' என்று அர்த்தம். தொழிலில் எல்லோருக்கும் தெரிந்த கள்ள வேலைதான். அவசரத்துக்குச் செய்வார்கள், அவசரம் தீர்ந்ததும் எடுத்துவிடுவார்கள். நம் ஆள் டிக் அடித்தான். காலித் துளையில் தூசுக்குப் போட்ட ரப்பர் மூடி அப்படியே இருக்க, திரையில் இரண்டாவது போர்ட் பச்சையாகிவிட்டது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தாயிற்று. சோதனைக்கு வந்தவர்கள் திரையைப் பார்த்தார்கள், தலையாட்டினார்கள், போய்விட்டார்கள். அந்த டிக்கை எடுக்க வேண்டும் என்ற நினைப்பே அவனுக்கு வரவில்லை.

அன்று அவன் வீட்டுக்குப் போனபோது ஓர் ஆச்சரியம் காத்திருந்தது. வழக்கமாக அந்த நேரத்தில் மனைவியின் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடிக்கும். எத்தனை தடவை கூப்பிட்டேன், ஏன் எடுக்கல என்று ஆரம்பித்தால் தட்டு கழுவி முடியும்வரை ஓயாது. அன்று அவள் அமைதியாக இருந்தாள்.

"பாப்பா தூங்கிட்டா. சாயங்காலம் கொஞ்சம் இழுத்துச்சு. போன்ல பேசினதும் அடங்கிடுச்சு."

அவன் பேசவேயில்லை. சாயங்காலம் முழுக்கக் குளிர் அறையில் அலாரம் ஒன்றைக் கழற்றிப் பூட்டிக்கொண்டிருந்தான். 'நான் எங்கே பேசினேன்?' என்று அவன் கேட்டிருக்க வேண்டும். ஒழுங்கான மனிதன் அதைத்தானே கேட்பான்? நம் ஆள் சட்டைப் பொத்தானைக் கழற்றிக்கொண்டே, "ம்ம், பேசினேன்ல" என்றான். வலிய வந்த நல்ல பெயரைத் தள்ள அவனுக்கு மனசில்லை. காவலர் எடுத்து ஏதோ ஆறுதல் சொல்லியிருப்பார் என்று நினைத்துக்கொண்டான். காவலர் அறைக்குக் கேபிளே போகவில்லை என்பது அவனுக்குத் தெரியும். ஆனால் தெரிந்ததையெல்லாம் ஒன்றாகச் சேர்த்துப் பார்க்க அலுப்பாக இருந்தால் யார் என்ன செய்ய முடியும்?

அதன் பிறகு வீட்டில் சண்டையே இல்லை. நேரம் கழித்து வந்தாலும் கேள்வி இல்லை. அவன் பாட்டுக்குச் சாப்பிட்டான், தூங்கினான். பொய் சொன்ன வாய்க்குப் போஜனம் கிடைக்காது என்பார்கள். இவனுக்கு வேளாவேளைக்குச் சூடாகவே கிடைத்தது.

ஒரு விடுமுறை நாளில் பாப்பா அவன் மடியில் ஏறி உட்கார்ந்தாள்.

"அப்பா, அந்த யானைக்கு அப்புறம் என்ன ஆச்சு?"

"எந்த யானைம்மா?"

"போன்ல சொன்னீங்கல்ல."

"ஓ, அதுவா? அது தூங்கிடுச்சு."

பாப்பா அவன் முகத்தைச் சந்தேகமாகப் பார்த்தாள். "இல்லையே. அது கிணத்துல எட்டிப் பாத்துச்சு. உள்ளேயும் ஒரு யானை இருந்துச்சு. நீ தண்ணி குடிச்சிட்டுப் போயிடற, நான் எப்பவும் இங்கேயே இருக்கேன், நான் மேல வரட்டான்னு அந்த யானை கேட்டுச்சு. நீங்கதானே சொன்னீங்க?"

அவனுக்குச் சிரிக்க வரவில்லை. காவலர் இப்படியெல்லாம் கதை சொல்லக்கூடிய ஆள் இல்லை. கேட்டைத் திறப்பதற்கே அலுத்துக்கொள்கிறவர்.

மறுநாள் சாப்பாட்டு வேளைக்குப் பிறகு வாசலுக்குப் போய் அவரிடமே கேட்டான்.

"அண்ணே, எங்க வீட்டு போனை நீங்கதான் எடுத்துப் பேசறீங்களா?"

"எந்த போனு சார்?" காவலர் மூலையைக் காட்டினார். அங்கே ஒரு தொலைபேசி இருந்தது. ரிசீவரில் அவருடைய தொப்பி தொங்கியது. "கொண்டாந்து வெச்சாங்க, வெச்சதோட சரி. ஒயர் எங்க சார் வந்துச்சு? தொப்பி மாட்டத்தான் ஆகுது."

அவர் சிரித்தார். அவன் வெளியே வந்தான். பேசுவது யார் என்று தெரியவில்லை. தன் பெண் காதில் யாரோ தினமும் பேசிக்கொண்டிருக்கிறான், அவனுக்கு அப்பா என்று பெயர், அந்தப் பெயரைக் கொடுத்ததும் தானேதான் என்று நினைத்தபோது கால் தானாக வேகமெடுத்தது. படியை இரண்டு இரண்டாகத் தாண்டிக் கீழே இறங்கினான்.

மேசைத் தொலைபேசி அப்போதுதான் அடித்து ஓய்ந்திருந்தது. குனிந்து கேட்வேயைப் பார்த்தான். இரண்டாவது போர்ட்டில் ரப்பர் மூடி இருந்தது. மூடியின் ஓரத்தில், பெட்டியிலேயே இருக்கும் சின்ன விளக்கு பச்சையாக எரிந்தது. திரையில் பச்சை காட்டச் செய்யலாம், அது பொய்ச் சாயம். இந்த விளக்கை அப்படி ஏமாற்ற முடியாது. மறுமுனையில் ஒன்று இருந்தால்தான் அது எரியும். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு மூடியைப் பிடுங்கினான். உள்ளே வெறும் துளை. விளக்கு துடித்தது, நின்றது, மறுபடி துடித்தது. யாரோ பேசுவதும், மறுபக்கம் பேசக் காத்திருப்பதுமாக இருந்தது.

குரல் தெளிவாகப் போகிறதா என்று பார்க்க, ஓடுகிற அழைப்பை ஒட்டுக்கேட்கும் வசதி அந்தத் தொழில்காரர்களுக்கு உண்டு. அவன் ரிசீவரை எடுத்து அந்தப் பொத்தானை அழுத்தினான்.

"மூக்கால இழு கண்ணு. அவசரமே இல்ல. இப்ப விடு. மெதுவா. நான் எங்கயும் போகல."

அவனுடைய குரல். வார்த்தையின் கடைசியில் லேசாக மூக்கடைக்கிற அந்தப் பழக்கம்கூட அப்படியே இருந்தது. ஆனால் 'நான் எங்கயும் போகல' என்று அவன் தன் ஆயுசில் யாரிடமும் சொன்னது கிடையாது. அந்தப் பக்கம் பாப்பா சிரித்தாள். "நாளைக்கும் பேசுவீங்களாப்பா?" "நீ கூப்பிட்டு நான் பேசாம இருப்பேனா?" குரலுக்குப் பின்னால் குளிரூட்டி இரைந்தது. அதே அறையின் அதே இரைச்சல். நாற்காலி ஒன்று கிறீச்சிட்டது. அவன் நின்றுகொண்டிருந்தான். அவன் நாற்காலி அவனுக்குப் பக்கத்தில் காலியாக இருந்தது. அது மெதுவாக ஒரு பக்கம் திரும்பி நின்றது.

பாப்பா போனை வைத்துவிட்டாள். அழைப்பு துண்டிக்கப்பட்டிருக்க வேண்டும். துண்டிக்கப்படவில்லை. கொஞ்ச நேரம் இரைச்சல் மட்டும் வந்தது.

"இருக்கியா?" என்றது அவன் குரல்.

அது பாப்பாவைக் கேட்கவில்லை.

"இருக்கியா?"

எதற்கும் 'இதோ' என்று முந்திக்கொள்கிற அந்த நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. இன்னொரு தடவை அது கேட்டது. கோபமில்லை, அவசரமில்லை, கடமைக்குக் கேட்கிற குரல். பதில் வராததைக் குறித்துக்கொண்டது போல ஒரு 'டிக்' சத்தம் கேட்டது. அழைப்பு முடிந்தது.

அவன் டிக்கை எடுத்தான். இரண்டாவது போர்ட்டைக் குழுவிலிருந்து நீக்கினான். வீட்டுத் தொலைபேசிக்கு இருந்த வழியையும் சேர்த்து அழித்தான். அந்தக் கருவி இனி வெறும் பிளாஸ்டிக். விளக்கு அணைந்தது. யாரிடமும் சொல்லாமல் பையைத் தூக்கிக்கொண்டு, வெயில் இறங்காத பொழுதில், வேலைக்குச் சேர்ந்த பிறகு முதல் தடவையாக நேரத்தோடு வீட்டுக்குக் கிளம்பினான். பேருந்தில் நின்றபோதும் அந்தக் குரல் காதை விட்டுப் போகவில்லை. தன் வீட்டில் தன் இடத்தில் இன்னொருவன் உட்கார்ந்துவிட்டான், எழுப்பியாக வேண்டும் என்ற ஒரே எண்ணம்தான் ஓடியது. எனக்கே அப்போது அவன் மேல் இரக்கம் வந்தது.

பாப்பா கூடத்தில் தொலைபேசிக்குப் பக்கத்தில் தரையில் படுத்து, வண்ணப் பென்சிலால் கோடு போட்டுக்கொண்டிருந்தாள். அவனைப் பார்த்ததும் ஓடிவரவில்லை.

"நீங்க இங்க வந்துட்டா, ஆபீஸ்ல யாரு இருக்கா?" என்று கேட்டாள்.

அவன் நேரே சமையலறைக்குப் போனான். மனைவி துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"இங்க பாரு. நான் ஒண்ணு சொல்றேன், பயப்படாத. அந்தப் போன்ல இத்தனை நாளா பேசினது நான் இல்ல."

"தெரியும்."

அவள் மடிப்பதை நிறுத்தவில்லை.

"தெரியுமா? எப்பலேருந்து?"

"மொத நாளே. எடுத்ததும் 'நீ சாப்பிட்டியா, குரல் ஏன் ஒரு மாதிரி இருக்கு'ன்னு கேட்டார். நீங்க எப்பவாவது கேட்டிருக்கீங்களா?"

"தெரிஞ்சுமா பாப்பாகிட்ட போனைக் குடுத்த? யாரு, என்னன்னு தெரியாம? என்கிட்ட ஒரு வார்த்தை சொல்ல வேண்டாமா?"

அவள் இப்போது நிமிர்ந்து பார்த்தாள். கோபம் இருந்திருந்தால் அவனுக்கு எவ்வளவோ ஆறுதலாக இருந்திருக்கும்.

"சொல்லத்தாங்க கூப்பிட்டேன். நீங்க எடுக்கல. அவர்தான் எடுத்தார்."

சுவரில் சாய்ந்து நின்றான். பிறகு, "இனிமே வராது. எல்லாத்தையும் எடுத்துட்டேன்" என்றான்.

"அப்போ இனிமே கூப்பிட்டா நீங்க எடுப்பீங்களா?"

"எடுப்பேன்."

"சரி" என்றாள் அவள். மறுத்தும் பேசவில்லை, நம்பியதாகவும் தெரியவில்லை. மடித்த துணியை அடுக்கின் மேல் வைத்தாள்.

சமையலறை வாசற்படியில் பாப்பா நின்றுகொண்டிருந்தாள். கேட்டுவிட்டாள் என்பது முகத்திலேயே தெரிந்தது. "போன் இனிமே வராதா?" என்றாள். யாரும் பதில் சொல்வதற்குள் உதடு பிதுங்கியது. அழுகை வந்தது, அழுகைக்கு நடுவே இருமல் வந்தது, இருமலுக்குப் பின்னால் அந்த விசில் சத்தம் வந்துவிட்டது. குழந்தைக்கு இளைப்பு உள்ள வீட்டில் இருப்பவர்களுக்கு அந்தச் சத்தத்தைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. மனைவி ஓடிப்போய் மருந்தையும் முகமூடியையும் எடுத்துவந்தாள். அவன் பாப்பாவைக் கூடத்துக்குத் தூக்கிப்போய் மடியில் வாரிப் போட்டுக்கொண்டான்.

முகமூடியை வைத்தால் மட்டும் போதாது. குழந்தை அடங்கி, நிதானமாக இழுத்தால்தான் மருந்து உள்ளே போகும். பாப்பா தலையை அப்படியும் இப்படியும் திருப்பிக் கையால் தட்டிவிட்டாள்.

"மூக்கால இழு கண்ணு. மெதுவா. அப்பா இருக்கேன்ல" என்றான். அதே குரல், ஏறக்குறைய அதே வார்த்தை.

"அப்படி இல்ல!" என்று அவள் அவன் மார்பில் குத்தினாள். கழுத்துக் குழி உள்ளே உள்ளே போனது. உதட்டின் நிறம் மாற ஆரம்பித்தது. எதைச் சொன்னால் அடங்குவாள் என்று அவன் தன் மூளையைக் குடைந்தான். யானைக் கதைக்கு முடிவு தெரியவில்லை. அவளுக்குப் பிடித்த பாட்டு எது என்று தெரியவில்லை. முதுகை எந்த இடத்தில் தடவ வேண்டும் என்றுகூடத் தெரியவில்லை. பெற்ற தகப்பன், பக்கத்து வீட்டுக்காரனைப் போல விழித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"அப்படியே தூக்கிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடிடலாமா?" என்றான்.

"ஒரு இழுப்பு மருந்தாவது உள்ள போகணுங்க. இல்லன்னா வழியிலேயே..." மனைவி முகமூடியை மறுபடி அழுத்திப் பிடித்தாள்.

தொலைபேசி அடித்தது.

அது அடிக்க முடியாது. அதற்குப் போகிற வழியை அவன் தன் கையாலேயே அழித்துவிட்டு வந்திருக்கிறான். உலகத்திலேயே அவனைவிட நன்றாக அது யாருக்கும் தெரியாது. மணி அடித்துக்கொண்டே இருந்தது. பாப்பா அந்தப் பக்கமாகக் கையை நீட்டினாள். மனைவி முகமூடியைப் பிடித்தபடி அவனையே பார்த்தாள். எடு என்றும் சொல்லவில்லை, எடுக்காதே என்றும் சொல்லவில்லை. வயரைப் பிடுங்கி எறிய ஒரு நொடி போதும். பிடுங்குவதற்குத்தான் அவன் கை போனது. போன கை ரிசீவரை எடுத்தது.

"பாப்பாகிட்ட குடு" என்றது குரல். மிரட்டலே இல்லை. குழந்தையை நினைத்துப் பதறுகிற ஒரு தகப்பனின் குரல் அது. அதுதான் அவன் நெஞ்சைப் பிளந்தது.

ரிசீவரைப் பாப்பாவின் காதில் வைத்துப் பிடித்தான். உள்ளே என்ன சொன்னார்களோ, அவனுக்கு ஒரு முணுமுணுப்பு மட்டும் கேட்டது. பாப்பாவின் கை தளர்ந்தது. இமை பாதி மூடியது. மனைவி முகமூடியைப் பொருத்தினாள். பாப்பா இழுத்தாள், விட்டாள், மறுபடி இழுத்தாள். விசில் மெல்ல மெல்லத் தேய்ந்தது, உதட்டுக்குச் சிவப்பு திரும்பியது. பாப்பாவின் பாரத்தில் அவன் தொடை மரத்துப்போனது. அசைந்தால் ரிசீவர் நழுவிவிடுமோ என்று அசையாமல் இருந்தான்.

முகமூடியைத் தள்ளிவிட்டு, பாப்பா தூக்கக் கலக்கத்தோடு ரிசீவருக்குள் கேட்டாள்.

"அப்பா, நீங்க எப்ப வீட்டுக்கு வருவீங்க?"

அவன் விரல் அவள் காதைத் தொட்டுக்கொண்டிருந்தது. அவன் முகம் அவள் முகத்துக்கு நேராக இருந்தது. நான் இங்கேதானே இருக்கிறேன் என்று சொல்ல வாயெடுத்தான். அவள் அவனைத் தாண்டி எங்கோ பார்த்துக்கொண்டு பதிலைக் கேட்டாள்.

"சரிப்பா" என்றாள். பிறகு தாயைப் பார்த்து, "அம்மா, அப்பா கிளம்பிட்டாங்களாம். கதவைத் திறந்து வைக்கச் சொன்னாங்க."

அவன் வேண்டாம் என்று மனைவியைப் பார்த்துத் தலையசைத்தான். ஆனால் ரிசீவரைப் பாப்பாவின் காதிலிருந்து எடுக்க அவனுக்குத் தைரியம் வரவில்லை. மனைவி பாப்பாவின் மார்பில் கை வைத்து, மூச்சு சீராக ஏறி இறங்குகிறதா என்று கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு எழுந்து போய்த் தாழ்ப்பாளை நீக்கினாள்.